பூட்டுக்காரர் திருடிய மந்திரம்

பந்தெலிஸ் அந்தச் சனிக்கிழமை ஒரு சபதம் எடுத்தார். நாளைப் பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டியின் வாயைத் திறந்தே தீருவது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எவாந்தியா வாயைத் திறக்காத நாளே கிடையாது. காலையில் திறந்தால் ராத்திரி படுக்கும்போதுதான் சாத்துவாள். பந்தெலிஸுக்கு வேண்டியது அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற நாலைந்து வரிகள். அந்த வரிகளை மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழாமல் காப்பாற்றி வருகிறாள்.

பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் தெருவில் பந்தெலிஸ் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள், சாவியைக் கடலில் போட்டவர்கள், சண்டை போட்ட பெண்டாட்டி பூட்டை மாற்றிவிட்டதால் தெருவில் நிற்பவர்கள், எல்லோருக்கும் அவர்தான் கதி. ஒரு கம்பியை விட்டு ரெண்டு ஆட்டு ஆட்டுவார், கதவு திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சொந்த வீட்டிலேயே ஒரு பூட்டு. காபிக் கடையில் அவரைச் சீண்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

விஷயம் இதுதான். எவாந்தியா திருஷ்டி கழிப்பாள். ஒரு டம்ளர் தண்ணீர், அதில் மூன்று சொட்டு ஆலிவ் எண்ணெய். எண்ணெய் கண்ணாடிக் குண்டு மாதிரி மிதந்தால் கண்ணும் இல்லை மண்ணும் இல்லை, போய் மாத்திரை போடு. எண்ணெய் கலைந்து பரவினால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த வரிகளை மூன்று தரம் முணுமுணுப்பாள். கொட்டாவி விடுவாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டும். கொட்டாவி எவ்வளவு பெரிதோ, பட்ட கண் அவ்வளவு பொல்லாதது. தலைவலிக்காரர் அந்தத் தண்ணீரில் மூன்று மடக்கு குடித்துவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

நேரில் வரவேண்டும் என்றுகூட இல்லை. போனில் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் போதும். பால் குடிக்காத குழந்தை, மோதிரம் மாற்றும் நேரத்தில் மயங்கிய கல்யாணப் பெண், புதுக் கார் வாங்கி அன்றைக்கே சுவரில் கொண்டுபோய் இடித்த பையன், எல்லோருக்கும் எவாந்தியாதான். "இதையெல்லாம் வீட்டில் செய்யாதீர்கள், என்னிடம் வாருங்கள், ஜெபம் பண்ணுகிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் கோவிலில் கண்டிப்பாகச் சொல்வார். திங்கட்கிழமை முதல் போன் அவர் மனைவியிடமிருந்து வரும்.

சரி, அந்த வரிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். முடியாது. எவாந்தியா பிறந்த தீவின் வழக்கம் அப்படி. சொல்லிக்கொடுத்தால் சக்தி போய்விடும். திருடத்தான் வேண்டும். பெண்ணிடமிருந்து ஆண், ஆணிடமிருந்து பெண், காதால் திருடி மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதக் கூடாது. பதிவு பண்ணவும் கூடாது. ஒருத்தன் அப்படித்தான் போனில் பதிவு பண்ணினான் என்று எவாந்தியா சொல்வாள். அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையாம், ஆனால் அன்றிலிருந்து அந்தப் போன் மட்டும் கீழே விழுந்தாலும் உடைவதில்லையாம்.

பந்தெலிஸ் சமையலறைக் கதவில் காது வைத்துப் பார்த்தார். எவாந்தியா குழாயைத் திறந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஏணி வைத்துப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரி போலீஸைக் கூப்பிட்டாள். வருஷங்கள் ஓடின. அது என்ன வரி, யாரைக் கூப்பிடுகிறாள், என்ன சொல்லி அனுப்புகிறாள் என்று சாவி ராவும்போதெல்லாம் இதே நினைப்பு. சாவி தப்பாகப் போகும்.

போன வாரம் எவாந்தியா ஒரு வார்த்தை சொன்னாள். "எனக்கும் வயசாகுது. யாராவது திருடிக்கிட்டா தேவலை. நம்ம ஃபனூரிஸ் இருக்கானே, அவன் காது ரொம்பக் கூர்மை."

ஃபனூரிஸ் பந்தெலிஸுக்குச் சகலை. எவாந்தியாவின் தங்கை அசிமினாவின் புருஷன். மீன் விற்கிறவன். அவன் அந்த வரிகளைத் தெரிந்துகொண்டு காபிக் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பந்தெலிஸ் நினைத்துப் பார்த்தார். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் யோசனை வந்தது. வீட்டில் கதவு இருக்கிறது, குழாய் இருக்கிறது. கப்பலில்?

"எவாந்தியா, நாளைக்குக் கப்பல்ல போய்ட்டு வரலாமா?"

"எந்தக் கப்பல்?"

"அதான், ஒரே நாள்ல மூணு தீவு காட்டுவாங்களே. ஈத்ரா, போரோஸ், ஏயினா. சாப்பாடு அங்கேயே. பாட்டு, டான்ஸ் எல்லாம் உண்டு."

"அது வெளிநாட்டுக்காரங்க போறது மனுஷா. துறைமுகத்துலயே இத்தனை வருஷம் இருந்துட்டு அதுல போய் ஏறினா ஊர் சிரிக்காதா?"

"உனக்கு ஓய்வே இல்லையேன்னுதான் சொல்றேன். எப்பப் பாரு போன். நடுக்கடல்ல போன் எடுக்காதுன்னு சொல்லிட்டா ஒரு நாளாவது நிம்மதியா இருப்ப."

எவாந்தியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் ஓய்வைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"கோவிலுக்குப் போக வேண்டாமா?"

"மூணு தீவுலயும் கோவில் இருக்கு. மூணு மெழுகுவத்தி ஏத்து."

"சரி, போலாம்," என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்வாள் என்று பந்தெலிஸ் எதிர்பார்க்கவில்லை. "எண்ணெய்ச் சீசாவை எடுத்து வச்சுக்கவா? வழியில யாருக்காவது வேண்டியிருந்தா?"

"எடுத்து வச்சுக்கயேன்," என்றார் பந்தெலிஸ், ரொம்ப சாதாரணமாக, கூரையைப் பார்த்துக்கொண்டு.

ஒரே ஒரு சிக்கல்தான். பொய்த் தலைவலிக்கு எண்ணெய் பரவாது. குண்டு குண்டாக மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பந்தெலிஸ் யார்? வாழ்நாள் முழுக்க எண்ணெய்க் கையோடு திரிந்தவர். எந்த எண்ணெயும் எதைக் கண்டால் ஓடும் என்று அவருக்குத் தெரியாதா? குளியலறைக்குப் போய் எவாந்தியாவின் லாவெண்டர் சோப்பில் மூன்று சீவல் சீவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு தீவுக்கு ஒன்று.

சட்டையையும் யோசித்துத்தான் எடுத்தார். கண் படவேண்டும் என்றால் யாராவது பார்க்க வேண்டுமே. அக்கா மகன் கல்யாணத்துக்கு வாங்கி, எவாந்தியா போடவிடாமல் பெட்டியில் வைத்திருந்த மஞ்சள் சட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ எலுமிச்சை மரத்தை நகர்த்திக்கொண்டு போவது போலத் தெரியும்.

கப்பல் நிறைய தொப்பிகள். தொப்பிகளுக்குக் கீழே உலகத்து ஜனமெல்லாம். எவாந்தியா மேல்தளத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஈத்ரா நெருங்கும்போது பந்தெலிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி."

"வெயிலு. தொப்பி போடுன்னேன்."

"வெயில் இல்ல. யாரோ கண்ணு வச்சுட்டாங்க."

எவாந்தியா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வழுக்கை, மஞ்சள் சட்டை, தொப்பை.

"எதைப் பார்த்து?"

"ஏன், என்கிட்ட என்ன குறை? அந்தப் பிரேசில்காரி என் மீசையைப் போட்டோ எடுத்தாளே, நீதான் பார்த்தியே."

"கயிறு கட்டற கம்பத்தையும்தான் எடுத்தா. அதுக்குத் தலை வலிக்குதா?"

"எவாந்தியா, சத்தியமா முடியலை."

கரையில் இறங்கினார்கள். ஈத்ராவில் காரும் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. பெட்டி சுமக்கிற கோவேறு கழுதைகள்தான், ஒவ்வொன்றின் கழுத்திலும் மணி. துறைமுகக் காபிக் கடையில் உட்கார்ந்து எவாந்தியா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் வந்தது. அவள் பையில் எண்ணெய்ச் சீசாவைத் தேடிய நேரத்தில் பந்தெலிஸ் முதல் சீவலை டம்ளரில் போட்டு விரலால் ஒரு கலக்குக் கலக்கினார். பூட்டுக்காரன் விரல், கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

மூன்று சொட்டு விழுந்தது. எண்ணெய் பரவவில்லை, ஓடியது. டம்ளர் விளிம்புக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

எவாந்தியா டம்ளரையே பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி டம்ளரைப் பார்த்தாள்.

"அடேயப்பா," என்றாள். "பலமாத்தான் பட்டிருக்கு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தாள். பந்தெலிஸ் நல்ல காதாகப் பார்த்து அவள் பக்கம் சாய்ந்தார். இடது காது கொஞ்சம் மந்தம், வலது காதுதான் நம்பிக்கையானது. முதல் தரம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தரம் காற்று வாகாக வந்தது. முப்பது வருஷமாக அவர் எத்தனையோ கற்பனை பண்ணியிருந்தார். தேவதூதர்கள் வருவார்கள், இடி இடிக்கும், பழங்காலத்துச் சொல்லாக இருக்கும், அர்த்தமே புரியாது என்றெல்லாம். அப்படி எதுவும் இல்லை. ஒரு ஆடு கிளம்பியது. ஆமாம், ஆடு. அதன் கழுத்தில் மணி இல்லை. அது மலையை விட்டு இறங்கி,

அந்த நேரம் பார்த்து நாலு கோவேறு கழுதைகள் மணியை ஆட்டிக்கொண்டு மேஜையை ஒட்டிப் போயின. மூன்றாம் தரத்தையும் அவைதான் சாப்பிட்டன.

எவாந்தியா ஒரு கொட்டாவி விட்டாள். "குடி. மூணு மடக்கு."

சோப்புத் தண்ணீர். பந்தெலிஸ் இதை யோசிக்கவில்லை. டம்ளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மூன்று மடக்கு குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை," என்றார். லாவெண்டர் ஏப்பம் ஒன்று வந்தது.

போரோஸ் போய்ச்சேரும்வரை அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வயிற்றால் அல்ல, அது அப்புறம். ஆடு என்ன ஆயிற்று? மலையை விட்டு இறங்கி எங்கே போயிற்று? மணி ஏன் இல்லை? யாராவது அறுத்துவிட்டார்களா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொரித்த கணவாய் வைத்தார்கள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசனை?" என்று கேட்டாள் எவாந்தியா, வாய் நிறையக் கணவாயோடு.

"ஆடு... ஆட்டுக்கறியா, மீனான்னு பார்க்கிறேன்."

"கணவாய்ப்பா அது. தலைவலியில கண்ணும் போச்சா?"

போரோஸில் கப்பல் நிற்கிற நேரம் குறைவு. மணிக்கூண்டுக்கு ஏறி, படம் எடுத்து, இறங்கிவிட வேண்டும். பாதிப் படியில் பந்தெலிஸுக்குத் தலைவலி திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எவாந்தியா ஒன்றும் விசாரிக்கவில்லை. யார் கண் என்றுகூடக் கேட்கவில்லை. படியோரத்து வீட்டுக்காரி ஒருத்தியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். "இதைப் பிடி, நான் அந்தப் பக்கம் எண்ணெயை எடுக்கறேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பையைக் குடைந்தாள். இரண்டு சீவல் போடக்கூட நேரம் இருந்திருக்கும்.

இங்கே அவர் காது நன்றாக வேலை செய்தது. அவள் குரலும் ஏதோ தெளிவாக விழுந்தது. ஆடு ஒரு கிணற்றடிக்கு வந்தது. கிணற்றடியில் ஒரு பெண் குடத்தோடு நிற்கிறாள். ஆட்டைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்த வார்த்தையையும் பந்தெலிஸ் பிடித்துவிட்டார். என்ன வார்த்தை என்று என்னிடம் கேட்காதீர்கள். எழுத்தில் போனால் சக்தி போய்விடும், அந்தப் பழி எனக்கு எதற்கு? அந்த வார்த்தையைக் கேட்டதும் குடம் உடைகிறது. ஆடு நிமிர்ந்து பார்க்கிறது. கப்பல் சங்கு ஊதியது.

"அப்புறம்?" என்று கேட்டே விட்டார் பந்தெலிஸ்.

"என்ன அப்புறம்?"

"அப்புறம்... குடிக்கணுமான்னு கேட்டேன்."

"மூணு மடக்கு," என்றாள் எவாந்தியா.

ஏயினா வந்து சேர்ந்தபோது அவருக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. முகம் பச்சைப் பிஸ்தா நிறத்தில் இருந்தது. வயிற்றுக்குள் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் விடவில்லை மனுஷர். கடைசிச் சீவலைப் போட்டார். பதற்றத்தில் சட்டைப்பையில் உதிர்ந்து கிடந்த துகளெல்லாம் சேர்ந்து விழுந்துவிட்டது. டம்ளரில் நுரை எழும்பியது. எழும்பி விளிம்பைத் தாண்டி மேஜையில் வழிந்தது.

எவாந்தியா நுரையைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இந்த ஊர்த் தண்ணி கொஞ்சம் வேகம்," என்றாள்.

பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பந்தெலிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஆடு மலையை விட்டு இறங்கியது, கிணற்றடிக்கு வந்தது, அந்தப் பெண் அந்த வார்த்தையைச் சொன்னாள், குடம் உடைந்தது, ஆடு நிமிர்ந்து பார்த்தது. அதற்கப்புறம் நடந்ததை அவர் கேட்டார். ஒரு எழுத்து விடாமல் கேட்டார். ஆடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது, அவ்வளவு மட்டும் உங்களுக்குச் சொல்லலாம். அது எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பந்தெலிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா? இத்தனை வருஷம் தவித்தது ஒரு ஆட்டுக்காகவா? ஆனாலும் எவ்வளவு அழகு. ஊர் ஜனத்தின் தலைவலியையெல்லாம் இந்தச் சின்ன ஆட்டின் முதுகில் ஏற்றியா இவள் அனுப்பிக்கொண்டிருந்தாள்? பெண்டாட்டி மேல் அவருக்கு ஒரு பெரிய மரியாதை வந்தது. கூடவே சந்தோஷமும் வந்தது. ஃபனூரிஸ் முகம் போகப்போகிற போக்கை நினைத்துச் சிரித்தார். மூன்று மடக்கையும் தேன் மாதிரிக் குடித்தார்.

திரும்பும் வழியில் மேல்தளத்தில் பாட்டு ஆரம்பித்தது. கப்பல்காரப் பையன்கள் வெளிநாட்டுக்காரர்களைக் கைகோத்து ஆடவைத்துக்கொண்டிருந்தார்கள். பந்தெலிஸ் ஒரு ஓரமாக உட்கார்ந்து மனசுக்குள் ஆட்டை இறக்கி, ஏற்றி, இறக்கி, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் நாற்காலியில் லாரிஸாவிலிருந்து வந்த ஒரு இளம்பெண், ரொதாந்தி என்று பெயர், கைக்குழந்தையோடு. பயணிகளில் எங்கள் பாஷை பேசுகிறவர்கள் இந்த மூன்று பேர்தான். ஏயினாவில் ஏறியதிலிருந்து குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. பால் வேண்டாம், பொம்மை வேண்டாம், முதுகை வளைத்துக்கொண்டு ஒரே அழுகை.

"எல்லாரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினாங்கக்கா," என்றாள் ரொதாந்தி எவாந்தியாவிடம். "யார் கண்ணு பட்டுதோ தெரியலை. உங்களுக்குத் திருஷ்டி கழிக்கத் தெரியுமா?"

எவாந்தியா எண்ணெய்ச் சீசாவை எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்குமேல் அசையவில்லை. "படியேறி ஏறிக் கால் கடுக்குதும்மா," என்றாள். "யாராவது பார்த்தா தேவலை."

பந்தெலிஸ் எழுந்தார். மஞ்சள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"குழந்தை பேர் என்ன?"

"தெக்லா."

தண்ணீர் கொண்டுவந்தார்கள். சோப்பு தீர்ந்துவிட்டது. அது பந்தெலிஸுக்குச் சொட்டு விழுந்த பிறகுதான் உறைத்தது. எண்ணெய் மிதந்தால் மானம் போய்விடும். முதல் சொட்டு மிதந்தது. இரண்டாவதும் மிதந்தது. மூன்றாவது விழுந்ததும், யாரும் தொடாமல், யாரும் கலக்காமல், மூன்றும் மெல்லக் கரைந்து தண்ணீர் முழுக்கப் பரவின. பந்தெலிஸின் கையில் மயிர் சிலிர்த்தது. இது சோப்பு ஓட்டிய ஓட்டம் இல்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டை மலையிலிருந்து இறக்கினார். இரண்டாம் தரம் சொல்லும்போது கொட்டாவி வந்தது. மூன்றாம் தரம் வந்த கொட்டாவியில் தாடை கழன்றுவிடும் போல இருந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொண்டு பார்த்தால் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் மீசையையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனது.

ரொதாந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் மாமா."

பந்தெலிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அதிர்ந்துபோவாள், அழுவாள், குறைந்தபட்சம் கோபமாவது படுவாள் என்று நினைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆடுவதற்கு வாகாகத் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுசா வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"எது?"

"ஆடு வீட்டுக்கு வர்ற வரைக்கும்."

"உனக்குத் தெரியுமா?"

"நான் தினம் எண்ணெயும் தண்ணியும் பாக்கறவ. உன் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு கண்டுபிடிக்கிறதே பெரிய காரியமா? அதுவும் என் சோப்பு. நான் காசு குடுத்து வாங்கின சோப்பு."

"தெரிஞ்சும் ஏன் சொன்னே?"

"உன் காதுல விழணும்னுதான். இத்தனை நாள் குழாயைத் திறந்துவிட்டது உன் பொறுமையைப் பார்க்க. ஈத்ராவுல மெதுவா சொன்னேன், நீ ஆட்டோட நின்னுட்டே. போரோஸ்ல கொஞ்சம் ஒசத்தினேன். ஏயினாவுல தொண்டை கிழியச் சொன்னேன், பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வேற இடம் போயிட்டார். என்ன காது மனுஷா உனக்கு."

"அப்ப நான் திருடலையா?"

"நல்லாத் திருடினே. கையில எடுத்துக் கொடுக்கத்தான் கூடாது. கண்ணெதிர்ல வச்சுட்டுத் திரும்பி நிக்கலாம். என்கிட்ட எங்க மாமா நிக்கிஃபோரோஸ் அப்படித்தான் பண்ணார். கதவு இடுக்குல நின்னு ஒட்டுக்கேட்டு, ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணிட்டதா நான் குதிச்சேன். மறுநாளே மாமா மீன் பிடிக்கக் கிளம்பிட்டார். அப்புறம்தான் யோசிச்சேன், அந்தக் கதவை அவர் ஒருநாளும் சரியா சாத்தினதே இல்லை."

"எதுக்கு மீன் பிடிக்கக் கிளம்பணும்?"

"பின்னே? திருடினவங்க வாய்க்கு வந்துடுச்சுன்னா, பறிகொடுத்தவங்க வாயிலேர்ந்து போயிடும். இனிமே நான் சொன்னா எண்ணெய் அசையாது. இப்ப நீதான்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லலை?"

"நீ எப்பவும் வரியைத்தானே கேட்டே. வேலையைப் பத்திக் கேட்டியா?"

பந்தெலிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். வயிற்றுக்குள் துணி துவைப்பது இன்னும் நிற்கவில்லை.

"அப்ப ஃபனூரிஸ்?"

"அவனுக்கு நாலு தடவை சத்தமாவே சொல்லிப் பார்த்தேன். எங்க வீட்டுக்கு வரும்போது காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வர்றான். அசிமினா சொல்லி வச்சிருக்கா."

"சரி, நானும் யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடறேன்."

"தாராளமா. பொம்பளையா இருக்கணும். காது நல்லா இருக்கணும். உன் பக்கத்துல உட்கார்ந்து திருடற அளவுக்குப் பொறுமை இருக்கணும். எனக்கு அப்படி ஒருத்தன் சிக்க முப்பது வருஷம் ஆச்சு." அவள் எழுந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். எண்ணெய்ச் சீசாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்கே பொறாமையாக இருந்தது. பிறகு அவள் ஆடுகிறவர்கள் பக்கம் போய், ஒரு கொரியாக்காரரையும் அந்தப் பிரேசில்காரியையும் பிரித்து நடுவில் புகுந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் பிரேயஸ் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. மேஜையில் கிடந்த எவாந்தியாவின் போனைப் பந்தெலிஸ் பயத்தோடு பார்த்தார். அது அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்போதும் அடிக்கவில்லை. ஊருக்கு இன்னும் தெரியாது, யாருக்கும் தெரியாமலே இதை அமுக்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. பூட்டுக்காரன் மூளை, அதற்குள் வழி தேட ஆரம்பித்துவிட்டது. காபிக் கடையில் மூச்சு விடக் கூடாது. லாரிஸாக்காரி லாரிஸாவுக்குப் போய்விடுவாள். எவாந்தியாவை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

அவருடைய சொந்தச் சட்டைப்பைக்குள் போன் அடித்தது.

"ஹலோ, பந்தெலிஸா? நான் பாதிரியார் வீட்லேர்ந்து பேசறேன். காலையில பிரசங்கம் பண்ணதிலேர்ந்து எங்க வீட்டுக்காரருக்கு மண்டையை இடிக்குது. நேர்ல வர வெக்கப்படறார். கொஞ்சம் பாருங்களேன்."

"அம்மா, எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதே. தப்பான நம்பருக்குப் போட்டுட்டீங்க போலிருக்கு."

"தப்பான நம்பரா? நேத்து ராத்திரியே எவாந்தியா தெரு முழுக்க இந்த நம்பரைக் கொடுத்துட்டா, நாளைக்குச் சாயங்காலத்திலேர்ந்து இவர்தான்னு."